பின் ஆக்சில் ஆயில் சீல் ஒழுகினால்: பழைய லாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் தொடங்கி வடக்கே தொண்டி வரையும், தெற்கே ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரையும் மீன், ஐஸ், உப்பு ஏற்றும் பழைய லாரிகளில் பின் சக்கரத்து ஆயில் கசிவு ஓயாத தொல்லை. கேட்கப்படும் சந்தேகங்களும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பதில்கள் டாடா 407, பழைய ஆறு சக்கர டாடா, லேலண்டு போன்ற வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை.

ஆக்சில் சீல்னா என்ன? எந்த இடத்துல இருக்கு?

பின் ஆக்சிலின் நடுவில் கிரவுன், அதாவது இன்ஜின் சுற்றை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, இருக்கிறது. அதற்குள் கியர் ஆயில். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஹவுசிங் குழாய் போகிறது, குழாய்க்குள் ஆக்சில் ஷாஃப்ட் சுற்றுகிறது. கிரவுன் ஆயில் ஷாஃப்டோடு நழுவி ஹப்புக்குள் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) வராமல் தடுக்க, சில வண்டிகளில் குழாயின் முனையில் ஒரு சீல் உண்டு. ஹப்பின் உள்பக்கம், அதாவது பிரேக் டிரம் இருக்கும் பக்கம், இன்னொரு சீல் எல்லா வண்டியிலும் உண்டு. பேரிங் கிரீஸ் டிரம்முக்குள் போகாமல் காப்பது இந்த இரண்டாவது சீல்.

சீலைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெளியே இரும்பு வளையம், உள்ளே ரப்பர் உதடு, உதட்டைச் சுற்றி நூல் மாதிரி ஒரு ஸ்பிரிங். அந்த உதட்டின் மெல்லிய ஓரம் மட்டுமே ஆயிலை நிறுத்துகிறது. அதில் ஒரு முடியளவு கிழிசல் விழுந்தாலும் போதும், சீல் வேலை செய்யாது.

பின் டயர் உள்பக்கம் ஈரமா இருக்கு. சீல்தான் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். 407 மாதிரி ஹைட்ராலிக் பிரேக் வண்டியில் ஈரம் தண்ணீர் போல மெல்லியதாக, பெயின்டை உரிப்பதாக இருந்தால் அது பிரேக் ஆயில். வீல் சிலிண்டரைப் பார்க்க வேண்டும், சீலை அல்ல. களிம்பு மாதிரி அப்பியிருந்தால் ஹப் கிரீஸ்.

மீன் வண்டியில் மேலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி எல்லாவற்றையும் கலந்துவிடும். அப்போது ஆக்சில், பிரேக் பிளேட் (டிரம்மின் உள்பக்கத்தை மூடும் தகடு), டயர் உள்பக்கம் மூன்றையும் டீசல் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். மேலே முகப்பவுடரைத் தூவிவிட்டு 10 கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். ஆயில் எங்கே தொடங்குகிறதோ அங்கே பவுடர் கருத்து நிற்கும். பிரேக் பிளேட்டின் அடி ஓரம் கருத்தால் ஹப்பின் உள்பக்கத்துச் சீல். ஷாஃப்டின் வெளி முனையில் ஹப்போடு நட்டுப் போட்டு இறுக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சைச் சுற்றி வெளியே கருத்தால், அதற்கு அடியில் வைக்கும் கேஸ்கட்தான் போயிருக்கிறது, அது அரைமணி வேலை. வண்டியின் பட்டை ஸ்பிரிங் ஆக்சில்மேல் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கருத்தால் ஹவுசிங்கில் வெடிப்பு இருக்கலாம். அளவுக்கு மேல் உப்பு லோடு ஏற்றிய வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஹவுசிங் வெடிப்பைச் சீல் கசிவு என்று நினைத்து இரண்டு மூன்று சீல் மாற்றுவது அடிக்கடி நடக்கிற தவறு.

கொஞ்சமாத்தான் கசியுது. நாலு நடை போயிட்டு அப்புறம் பாத்துக்கலாமா?

ஆயில் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. வெளி ஃபிளாஞ்சில் கசிந்தால் ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். டிரம்முக்குள் போனால் லோடு ஏற்றக்கூடாது. லைனிங் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) நனைந்த பக்கம் பிரேக் பிடிக்காது, காய்ந்த பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுக்கும். பாம்பன் ரோடு பாலத்தில் மழைநேரத்தில், காற்றும் சேர்ந்து அடிக்கும்போது அப்படி ஒரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்லா இருந்த சீல் ஏன் போகுது? ரப்பர் தரமில்லையா?

சில சமயம் ரப்பர்தான் காரணம். வயதாகி, சூடேறி, கல்லாக இறுகிப்போகும். ஆனால் பெரும்பாலும் சீலை வேறு ஏதோ ஒன்று கொன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுச்சீல் போட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

முதலில் பார்க்க வேண்டியது பிரீதர். ஹவுசிங் மேல்பக்கம் திருகியிருக்கும் சின்ன மூடி அது. ஓட ஓட ஆயில் சூடாகி உள்ளே காற்று விரியும், பிரீதர் வழியாக வெளியேறும். மண்ணும் உப்பும் அடைத்துவிட்டால் அந்த அழுத்தம் சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போகவேண்டும். சீல் வேலைக்குக் கை வைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். சில வண்டிகளில் இதோடு கசிவு நின்றும்விடும்.

அடுத்தது பேரிங் ஆட்டம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஹப் ஆடினால் சீல் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் திறக்கும். மூன்றாவது, சீல் உதடு ஓடும் இடத்தில் தேய்ந்து விழுந்த கோடு. நான்காவது, ஆயில் மட்டம் அதிகம். 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று ஊற்றுவது நல்லதல்ல.

மதுரை லாரிக்கு இவ்வளவு தொந்தரவு இல்லையே. நம்ம மீன் வண்டிக்கு மட்டும் ஏன் அடிக்கடி போகுது?

உப்புதான். ஐஸ் பெட்டியிலிருந்து வழியும் மீன் தண்ணீர் நேராகப் பின் ஆக்சில் மேல்தான் சொட்டுகிறது. அது காய்ந்ததும் உப்புப் பரல் சீலின் வெளி உதட்டருகில் தங்கும். சக்கரம் சுற்றும்போது அது மணல்தாள் மாதிரி தேய்க்கும். வண்டி நிற்கும்போது அதே உப்பு, சீல் தொடும் இரும்பில் துருப் பிடிக்க வைக்கும். ஒரு வாரம் நின்ற வண்டியை எடுத்தவுடன் அந்தத் துரு ரப்பர் உதட்டைச் சீவிவிடுகிறது.

இதற்கு நல்ல வழி, பெட்டியின் வடிகால் குழாயை நீட்டி ஆக்சிலுக்குப் பின்னால் விழும்படி திருப்புவது. நாலடி ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் போதும். வண்டியைக் கழுவும்போது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இந்தக் கரையில் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் மீன் நாற்றம் போகும், உப்பு போகாது. நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் கடைசி இரண்டு குடத்தை ஆக்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைல என்னன்னு கேட்டு வாங்கணும்?

வண்டி பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய வண்டியில் ஹவுசிங்கோ ஹப்போ எப்போதோ மாறியிருக்கும். பழைய சீலைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். எண் அழிந்திருந்தால் ஷாஃப்டையும் சீல் உட்காரும் குழியையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நசுங்கிய பழைய சீலை அளந்தால் தப்பு வரும்.

வாங்கும்போது உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். வளைந்து உடனே திரும்ப வேண்டும். வெடிப்புக் கோடு தெரிந்தால் அது வருடக்கணக்கில் கிடந்த சரக்கு. ஸ்பிரிங் முழுவட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரை தாங்கும், பின் ஆக்சிலுக்கு அது போதும். பிரேக் அதிகம் சூடேறும் வண்டிக்கு விட்டான் ரப்பர் கிடைத்தால் நல்லது. சீலோடு ஃபிளாஞ்ச் கேஸ்கட், லாக் வாஷர், வீல் பேரிங் கிரீஸ், கிரவுன் ஆயில் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஹப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு லாக் வாஷருக்காக ராமநாதபுரம் டவுனுக்கு ஓடவேண்டாம்.

கழட்டுறது எந்த வரிசையில?

கெட்டித் தரையில் நிறுத்துங்கள். மணல்தான் என்றால் ஜாக்கிக்கு அடியில் இரண்டங்குல தடிமனான பலகை, குறைந்தது ஒன்றரை அடி அகலத்தில். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். தூக்கியபின் ஹவுசிங்கைக் கட்டை அடுக்கிலோ ஸ்டாண்டிலோ உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். கசியும் பக்கம் சற்று உயரமாக இருந்தால் ஆயில் மறுபக்கம் ஓடிவிடும், கிரவுனை வடிக்க வேண்டியதில்லை. ஏர் பிரேக் வண்டியில் ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங் சேம்பரில் இருந்தால் அதற்குரிய போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டுங்கள். சேம்பரின் கிளாம்பை எந்தக் காரணத்துக்கும் அவிழ்க்கக்கூடாது. உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் வெடித்து வந்தால் உயிர் போகும்.

சக்கர நட்டைத் தொடுவதற்கு முன் ஒன்று: பல பழைய லாரிகளில் இடது பக்கத்து நட்டுகள் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் இன்னும் இறுகும், கடைசியில் ஸ்டட் முறியும். மரையைப் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள். சக்கரம் வந்தபின் ஆக்சில் ஃபிளாஞ்ச் நட்டுகளை முழுதாக எடுக்காமல் நாலைந்து மரை விட்டு வையுங்கள். ஃபிளாஞ்சின் நடுவில் செம்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் கூம்பு வாஷர்கள் துள்ளி வெளியே வரும். நட்டு விட்டுவைத்திருப்பது அவை முகத்தில் பறக்காமல் இருக்கத்தான். ஃபிளாஞ்சுக்கும் ஹப்புக்கும் நடுவே உளி வைத்து நெம்பாதீர்கள். அந்தக் காயத்தில் பிறகு கேஸ்கட் நிற்காது.

ஷாஃப்டை நேராக, கையால் தாங்கியபடி உருவுங்கள். அடியில் தட்டு வையுங்கள். பிறகு லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, லாக் நட், வாஷர், பேரிங் நட், வெளி பேரிங் என்ற வரிசையில் எடுத்து, துணியில் அதே வரிசையில் அடுக்குங்கள். பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஹப்பையும் டிரம்மையும் இரண்டு பேராக இழுங்கள். கனமானது, கிரீஸ் தடவிய பலகைமேல் சறுக்கி எடுத்தால் இடுப்பு பிழைக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏரில் ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

புதுச்சீல எப்படி இறக்கணும்? எந்தப் பக்கம் உள்ள போகணும்?

ஸ்பிரிங் தெரியும் பக்கம் எப்போதும் ஆயிலையோ கிரீஸையோ பார்க்க வேண்டும். குழாய் முனைச் சீலில் ஸ்பிரிங் கிரவுன் பக்கம். ஹப் சீலில் ஸ்பிரிங் ஹப்பின் உள்ளே, பேரிங்கைப் பார்த்து. ஹப் சீலுக்கு முன்னால் உள் பேரிங்கைக் கிரீஸ் நிரப்பிப் போட்டுவிட வேண்டும். சீலை இறக்கியபின் பேரிங் நினைவுக்கு வந்தால் ஒரு புதுச்சீல் வீண்.

குழியை உப்புத்தாள் போட்டுத் துடைத்து, கீறல் இருந்தால் சீலின் வெளி இரும்பில் மட்டும் மெல்லிசாக கேஸ்கட் பேஸ்ட் தடவுங்கள். உதட்டில் படக்கூடாது. உதட்டுக்குக் கிரீஸ் பூசுங்கள், காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே எரியும். சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றுக் குறைவான குழாய்த் துண்டு ஒன்றை மேலே வைத்துத் தட்டுங்கள். குழாய் இல்லாவிட்டால் தட்டையான இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். உளியால் ஒரே பக்கம் அடித்தால் சீல் சாய்ந்து உட்காரும், ஸ்பிரிங்கும் கழன்று விழும். நேராக உட்கார்ந்ததும் அடியின் சத்தம் மாறும். அத்தோடு நிறுத்துங்கள்.

ஷாஃப்டைத் திரும்பச் செருகுவதுதான் பலர் கோட்டை விடும் இடம். ஷாஃப்ட் முனையின் பற்கள் சீல் உதட்டின் நடுவே போகின்றன. ஷாஃப்டின் எடையை உதட்டின்மேல் சாய்த்தபடி தள்ளினால் பற்கள் ரப்பரைக் கீறிவிடும். பற்களில் கிரீஸ் பூசி, ஒருவர் வெளி முனையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் மட்டம் பார்த்துத் தள்ள வேண்டும்.

சீல் ஓடுற இடத்துல கோடு விழுந்திருக்கு. ஷாஃப்டையே மாத்தணுமா?

நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் சிக்காவிட்டால் 400 நம்பர் எமரித் தாளில் எண்ணெய் விட்டுச் சுற்றுவாக்கில் தேய்த்தால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே ஆயிலுக்கு வாய்க்கால் ஆகும். நகம் சிக்கினால் தேய்த்துப் பயனில்லை. பல வண்டிகளில் ஹப் சீல் ஓடுவது கழற்றக்கூடிய ஒரு காலர்மேல்தான், அதை மாற்றிவிடலாம். தனிக் காலர் இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது லேத்தில் கடைந்து ஸ்லீவ் போடலாம். குழியில் ஆழம் இருந்தால் சீலை 2 மில்லிமீட்டர் முன்பின் நகர்த்தி உட்கார வைத்து, உதட்டைத் தேயாத இடத்தில் ஓடவிடலாம். செலவில்லாத இந்த வழியை நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வோம்.

பேரிங் நட்டை எவ்வளவு இறுக்கணும்? கைக்கணக்கு போதுமா?

ஹப்பை இரண்டு பக்கமும் சுற்றியபடியே நட்டை இறுக்குங்கள். ஹப் சுற்றக் கனமாகும்வரை இறுக்கி, பிறகு சுமார் ஆறில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை தளர்த்துங்கள். லாக் வாஷர் போட்டு, லாக் நட்டை இறுக்கி, மறுபடியும் ஆட்டத்தைப் பாருங்கள். லாக் நட் இறுகும்போது அளவு மாறும். டயல் கேஜ் இருந்தால் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் சரியானது. கேஜ் இல்லையென்றால் ஹப் தடையில்லாமல் சுற்றவேண்டும், கைக்கு ஆட்டம் தெரியக்கூடாது. சரியானபின் லாக் வாஷரை மடியுங்கள்.

கிரீஸை உருளைகளுக்கு நடுவே புகும்படி உள்ளங்கையில் வைத்து அமுக்கி ஏற்றுங்கள். ஹப்பின் உள் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். முழுக்க அடைத்தால் சூடேறி உருகும், உருகியது புதுச்சீலைத் தள்ளும்.

ஆயில் நனைஞ்ச லைனிங்கை பெட்ரோல்ல கழுவி, காயவச்சுப் போடலாம்ல?

கூடாது. லைனிங் ஆயிலைக் குடித்துவிடும். மேலே கழுவினாலும், தீயில் காட்டினாலும், பிரேக் சூடாகும்போது உள்ளிருக்கும் ஆயில் மறுபடி மேலே வரும். லைனிங் மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி இழுக்கும். டிரம்மைக் கழுவித் துடைத்தால் போதும், அது ஆயிலைக் குடிக்காது.

எந்த ஆயில்? 140 கெட்டி ஆயில் ஊத்தினா கசிவு நிக்குமா?

வண்டிப் புத்தகம் சொல்லும் ஆயில்தான். ஹைபாயிட் கிரவுனுக்கு (சின்னப் பல்சக்கரம் பெரியதன் மையத்திலிருந்து விலகி உட்காரும் வகை) ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் வேண்டும். லெவல் பிளக்கைத் திறந்து, ஆயில் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை ஊற்றுங்கள். வண்டி சமதரையில் நிற்கவேண்டும். ஷாஃப்ட் கழற்றிய வேலையென்றால் கொஞ்ச தூரம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்தி, மட்டத்தை மறுபடி பாருங்கள். ஆயில் குழாய்களுக்குள் பரவி மட்டம் இறங்கியிருக்கும்.

கெட்டி ஆயில் கசிவை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆயிலில் கலந்து சீல் ரப்பரை ஊதவைக்கும் மருந்துகள் இறுகிய ரப்பரில் சில வாரம் பலன் தரும். கிழிந்த உதட்டுக்கோ கோடு விழுந்த ஷாஃப்டுக்கோ அவற்றால் ஒன்றும் ஆகாது.

புதுச்சீல் போட்டு ஒரே வாரத்துல திரும்பக் கசியுது. என்ன தப்பு?

முதல் நாளிலேயே கசிந்தால் சீல் சாய்ந்திருக்கும், திருப்பிப் போட்டிருக்கும், அல்லது ஷாஃப்ட் பல் கீறியிருக்கும். ஒரு வாரம் கழித்துக் கசிந்தால் பிரீதர், பேரிங் ஆட்டம், கோடு என்ற மூன்றையும் மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். கழற்றிய சீலைத் தூக்கி எறியாதீர்கள். உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆட்டம், அல்லது ஹவுசிங் வளைவு. சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் அதே பக்கம் மூன்றாவது சீலும் போனால் ஹவுசிங்கை லேத் பட்டறையில் வைத்து நேர் பார்க்க வேண்டும்.

எப்பவும் இடது பக்கம் மட்டும்தான் கசியுது. ஏன்?

சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இடப்பக்கமாக ஓடும் வண்டி எப்போதும் சற்று இடது பக்கம் சாய்ந்தே ஓடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரம் கட்டி நிறுத்தும்போதும் இடது சக்கரம் மண்ணில் இறங்கி நிற்கும். ஆயில் தாழ்ந்த பக்கம் போய்த் தேங்குகிறது. வலது சீலும் அதே அளவு தளர்ந்திருக்கலாம், ஆயில் அங்கே போய் நிற்காததால் தெரியாமல் இருக்கும். வயதாகிப் போன சீல் என்றால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

கிரவுன் ஆயில் பால் காபி மாதிரி இருக்கு. இதுக்கும் சீலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதுதான் கடற்கரையில் மோசமான விஷயம். ஓடிவந்த சூட்டோடு வண்டியைக் கடல் தண்ணீரில் இறக்கினால் ஆக்சில் சட்டென்று குளிரும், உள்ளிருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். உப்புத் தண்ணீர் பேரிங்கில் ஓரிரவு நின்றாலே துருப் புள்ளி விழத் தொடங்கும். அன்றே ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்து மூன்றாவதாக ஊற்றுங்கள். வடித்ததைக் கேனில் பிடியுங்கள், கரை மணலில் விடாதீர்கள். ஹப்பையும் கழற்றி பேரிங்கைப் பார்க்க வேண்டும். உருளையில் கரும்புள்ளி இருந்தால் பேரிங் மாற்றம்தான். கரையில் இறங்கும் வண்டிகளுக்கு பிரீதர் இடத்தில் குழாய் பொருத்தி சேசிஸ் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடுங்கள்.

தடைக்காலத்துல வண்டி சும்மா நிக்குது. அப்ப என்ன செஞ்சு வைக்கணும்?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சீல் வேலைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. சந்தேகமாக இருக்கும் சீலைத் தொடக்கத்திலேயே மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள், முன்பே சொன்ன துரு அந்தப் புதுச்சீலையும் கெடுக்கும். ஜூன் முதல் வாரத்தில் மாற்றுங்கள். நிறுத்தும் நாளன்று ஆக்சிலை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வாரம் ஒருமுறை இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டுங்கள். உதடு ஓடும் இரும்பில் ஆயில் படலம் திரும்பப் படியும்.

வேலை முடித்த வண்டியை முதலில் வெறும் வண்டியாக மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வரை ஓட்டி வந்து, புறங்கையை ஹப் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் கையை அருகில் வைக்க முடியாதபடி சுட்டால் பேரிங் நட் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஒட்டுகிறது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.